கடல் மீன் தொட்டி: எந்த அறிகுறிக்கு முதலில் எதைப் பார்ப்பது

கொழும்பில் கடல் மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வருகிற அழைப்புகளில் முக்கால்வாசி இரவில்தான் வரும். வேலையால் வந்து, லைட்டைப் போட்டு, தொட்டியை ஆறுதலாகப் பார்க்கிற நேரம் அது. முதல் கேள்வி "என்ன மருந்து விடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பவை மூன்று: மீன் எப்படி மூச்சு விடுகிறது? எத்தனை மீனுக்கு இப்படி? தண்ணீரில் அமோனியா (கழிவிலிருந்து வரும் நஞ்சு) எவ்வளவு? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். பல தடவை மருந்தே தேவைப்படாது.

மருந்து தேவை என்றாலும் ஒரு விதி உண்டு. பவளமும் இறாலும் கல்லும் மணலும் உள்ள பிரதான தொட்டிக்குள் அதை விடக்கூடாது. செப்பு மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். போதாக்குறைக்குக் கல்லும் மணலும் செப்பை உறிஞ்சுவதால், மீனுக்கு வேண்டிய அளவும் தண்ணீரில் நிற்காது. வைத்தியத்துக்குத் தனிப் பாத்திரம் வேண்டும். 40, 50 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, எயார் பம்ப், மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், இவ்வளவும் போதும்.

வெப்பமானி, அமோனியா டெஸ்ட் கிட், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீற்றர், பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஆகியவை எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். ஊசி ஆடுகிற பிளாஸ்டிக் உப்புமானியை நான் நம்புவதில்லை. ஊசியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

## எல்லா மீனும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குகின்றன

காலையில் நன்றாக இருந்த மீன்கள் எல்லாம் மாலையில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், நோயைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். சில மணித்தியாலத்துக்குள் எல்லா மீனும் சேர்ந்து திணறினால் கோளாறு அனேகமாகத் தண்ணீரில்தான். எயார் ஸ்டோனைப் போடுங்கள், பம்பின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பிவிடுங்கள். பிறகு கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

### கரண்ட் போய் வந்ததா?

பம்ப் நின்றால் ஒட்சிசன் குறையும். மீன் நிறைய உள்ள சின்னத் தொட்டியில் அது வெகு சீக்கிரம் தெரியும். கரண்ட் வந்ததும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மூடிய கனிஸ்டர் ஃபில்டர் சில மணித்தியாலம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கெட்டிருக்கும். அதை வெளியே ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய பற்றரி எயார் பம்ப் பலரிடம் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. அதை எடுத்துப் புதுப் பற்றரி போட்டு வையுங்கள்.

### வெப்பமானி என்ன காட்டுகிறது?

25 முதல் 27 பாகை வரை நல்லது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பு ஃப்ளாட்டில் ஜன்னலைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் தொட்டி 31-ஐத் தொடும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே தங்கும், அதே நேரத்தில் மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, மேசை ஃபேனை மேற்பரப்பில் படும்படி வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் இதனால் இரண்டு பாகை இறங்கினாலே பெரிய விஷயம். அவசரத்துக்கு, மூடி இறுக்கிய போத்தலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடாதீர்கள். மணிக்கு ஒரு பாகைக்கு மேல் இறக்கவும் வேண்டாம்.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஏறும். குறைந்ததை நல்ல தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. ரிஃப்ராக்டோமீற்றரில் உப்படர்த்தி 1.025 அளவில் நிற்கட்டும்.

### அமோனியா இருக்கிறதா?

இருக்கக்கூடாது. கிட்டில் பச்சை நிறம் லேசாகத் தட்டினாலும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிறகு மீன்களை எண்ணிப் பாருங்கள். கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒரு மீன் நம் ஊர் வெக்கையில் ஓர் இரவிலேயே அழுகிவிடும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தாலும் இதே கதைதான். அமோனியாவை உடைக்கும் நல்ல பக்ரீரியா குளோரின் பட்டுச் செத்திருக்கும்.

### காற்றில் ஏதாவது வந்ததா?

இதை யாரும் யோசிப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி அழைத்தார்.

"அண்ணா, நேற்றுத்தான் தண்ணி மாத்தினேன். அமோனியா சைபர். எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து நீந்துதுகள்."

"டெங்குக்குப் புகை அடித்தார்களா?"

"ஓம், மத்தியானம் எங்கட ஒழுங்கையில் அடித்தவங்கள்."

நுளம்புக்கு அடிக்கும் பைரித்ரொயிட் வகை மருந்துகள் மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவிலேயே மீனைக் கொல்லும். இறாலுக்கும் அப்படித்தான். எயார் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுவதால் நஞ்சு அந்த வழியாகவும் போகும். புகை அடிக்க வரும் சத்தம் கேட்டதும் ஜன்னல்களைப் பூட்டுங்கள். எயார் பம்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். ஏற்கெனவே பட்டுவிட்டதென்றால் பாதித் தண்ணீரை மாற்றி, புதுக் கார்பனை ஃபில்டரில் போடுங்கள். நுளம்புச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே, பக்கத்து வீட்டுப் பெயின்ற் வேலை என்றாலும் செய்ய வேண்டியது இதுதான்.

### புதுத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஃப்ளாட்டில் மேல் தாங்கியைக் கழுவிய நாளில் இன்னும் கூடுதலாக இருக்கும். குளோரினை நீக்கும் தயோசல்பேட் போடாமல் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஆர்ஓ மெஷினில் வடிகட்டிய தண்ணீர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கரையிலிருந்து தண்ணீர் அள்ளி வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரையில்தான் கால்வாய்களும் கடலில் விழுகின்றன. மழை பெய்து சில நாட்களுக்கு உப்பும் குறைவு, அழுக்கும் அதிகம். போதாததற்கு ஒட்டுண்ணியும் கூட வரலாம். உப்பு வாங்கிக் கரைப்பது செலவுதான். ஆனாலும் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

## ஒன்றிரண்டு மீன் மட்டும் மூச்சு வாங்குகிறது, உடலில் ஒன்றும் தெரியவில்லை

தண்ணீர் சரி, மற்ற மீன்களும் சரி என்றால் செவுளில் ஏதோ இருக்கிறது. 15 வினாடிக்கு எத்தனை தடவை செவுள் திறக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். சுகமாக இருக்கும்போதே ஒவ்வொரு மீனுக்கும் இந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்தால் ஒப்பிடலாம். வழமையை விட ஒன்றரை மடங்கு கூடினால் அன்றிரவே செயற்பட வேண்டும்.

### வெளிச்சத்துக்கு ஒளிகிறது, பம்பின் ஓட்டத்துக்குள் முகம் வைத்து நிற்கிறது, சாப்பாடு வேண்டாமென்கிறது

இது வெல்வெட். ஒட்டுண்ணியின் பெயர் அமைலோஓடினியம். எல்லாவற்றிலும் வேகமாகக் கொல்வது இதுதான். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். முதலில் செவுளைத்தான் தாக்கும். உடலில் தூசி தெரிவது கடைசிக் கட்டத்தில். அறை லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச்சை மீனின் தலைப்பக்கமிருந்து சரிவாக அடித்துப் பாருங்கள். தோலில் மங்கலான பொன் நிறத் தூசி படிந்திருப்பது அந்தக் கோணத்தில் மட்டும் தெரியும். நேராக அடித்தால் தெரியாது.

தூசி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லா மீனையும் பெட்டிக்கு மாற்றிச் செப்பு மருந்தைத் தொடங்குங்கள். முதலில் நல்ல (உப்பில்லாத) தண்ணீரில் ஐந்து நிமிடம் குளிப்பாட்டினால் செவுளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அதன் முறையைப் பின்னால் சொல்கிறேன். பிரதான தொட்டியை ஆறு வாரம் மீன் இல்லாமல் விட வேண்டும்.

### கல்லில் உரசுகிறது, தலையை உதறுகிறது, கண் லேசாக மங்கியிருக்கிறது

இது தட்டைப்புழுவாக இருக்கலாம். கண்டுபிடிக்கவும் உடலிலிருந்து அகற்றவும் வீட்டில் செய்யக்கூடியது நல்ல தண்ணீர்க் குளியல்.

கறுப்பு அல்லது கடும் நீல நிற வாளி ஒன்றை எடுங்கள். ஆர்ஓ தண்ணீர், அல்லது குளோரின் நீக்கிய தண்ணீர். வெப்பம் தொட்டியோடு சரிசமமாக இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை அப்பச் சோடா போட்டு பிஎச்சைக் கடல் நீர் அளவுக்கு, 8.2 அளவில், கொண்டுவாருங்கள். அரை மணித்தியாலம் எயார் விடுங்கள். பிறகு மீனை இறக்குங்கள். முதல் சில வினாடிகளில் அது துள்ளும், இல்லையென்றால் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இரண்டும் வழமைதான், பயப்படாதீர்கள். நிற்காமல் துள்ளினால், அல்லது மூச்சு நின்றதுபோல் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மற்றபடி ஐந்து நிமிடம்.

புழு இருந்தால் இரண்டாம் மூன்றாம் நிமிடத்தில் வாளியைக் குனிந்து பாருங்கள். உப்புத் தண்ணீரில் கண்ணாடிபோல் இருந்து கண்ணுக்கே தெரியாத புழுக்கள் நல்ல தண்ணீர் பட்டதும் வெளிறி, எள் அளவு வெள்ளைச் செதிலாக உதிர்ந்து கறுப்பு அடியில் படியும். அரிசியின் பாதி நீளம் வளர்ந்தவையும் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் மீனின் செதில்தான் கழன்றுவிட்டது என்று பதறுவார்கள். ஒன்றை விரலில் எடுத்துப் பாருங்கள், மென்மையாக நசுங்கும்.

குளியல் உடலில் உள்ளதைத்தான் அகற்றும். தொட்டியில் இருப்பதற்குப் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து வேண்டும், லீற்றருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது என்பதால் ஐந்து முதல் ஏழு நாளில் இன்னொரு முறை. ஃபார்மசியில் நாய்க்கு விற்கும் பூச்சி மாத்திரையில் அனேகமாக வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அதைக் கரைத்து விடாதீர்கள். தனிப் பிராசிகுவாண்டலை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

லயன் ஃபிஷ்ஷுக்கு இந்தக் குளியல் கொடுப்பவர்கள் வலையால் பிடிக்காமல் பாத்திரத்தால் அள்ளுங்கள். அதன் நச்சு முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## வெள்ளைப் புள்ளி

### எண்ணக்கூடிய புள்ளிகள், உப்புக் கல் அளவு, மீன் சாப்பிடுகிறது

இது இக் நோய். ஒட்டுண்ணி கிரிப்டோகேரியன். பவுடர் ப்ளூ டேங் வாங்கியவர்கள் எல்லாரும் சந்திப்பது இதைத்தான். வெல்வெட்டைப்போல் அவசரமில்லை, யோசித்துச் செய்ய நேரமுண்டு.

ஆனால் இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். புள்ளி ஒரு வாரத்துக்குள் தானாக மறையும். அந்த நேரத்தில் பூண்டு கொடுத்திருந்தால் பூண்டு குணமாக்கியது என்பார்கள், மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் க்ளீனர் ரேஸ் மீனை வாங்கி விட்டிருந்தால் அதன் புண்ணியம் என்பார்கள். உண்மையில் ஒட்டுண்ணி வயிறு நிரம்பிக் கழன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மணலில் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, பெரும்பாலும் இருட்டு நேரத்தில் வெளியே வந்து மீனைத் தேடும். இரண்டாவது சுற்றில் புள்ளிகள் பல மடங்காக இருக்கும். இது தோலுக்கு அடியில் பதிவதால் நல்ல தண்ணீர்க் குளியல் இதற்குப் பலிக்காது. யூவி லைட்டும் தனியாக இதை ஒழிக்காது.

செலவு குறைந்த வழியை முதலில் சொல்கிறேன். கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவரக் குறைந்தது மூன்று நாள் எடுக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். இரண்டு பெட்டி, இரண்டு எயார் ஸ்டோன், இரண்டு துண்டுக் குழாய் எடுங்கள். மீனை முதல் பெட்டியில் விடுங்கள். 72 மணித்தியாலம் முடியுமுன், புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீர் உள்ள இரண்டாவது பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டி, பெட்டியையும் சாமான்களையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இப்படி 1, 4, 7, 10, 13-ஆம் நாட்களில் மாற்றினால் முடிந்தது. ஈரமான வலை, ஈரமான கை எதுவும் பழைய பெட்டியிலிருந்து புதியதற்குப் போகக்கூடாது. மருந்தே இல்லாத வைத்தியம் என்பதால் எனக்கு இதுதான் பிடித்தது. சிறிய மீன்களுக்கு நன்றாகச் சரிவரும். பெரிய டேங் என்றால் இத்தனை உப்புக்குக் கட்டுபடியாகாது. வெல்வெட்டுக்கு இந்த முறையை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது செப்பு. கப்ரமின் என்ற செப்பு மருந்து என்றால் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் வரை. முதலில் பாதி அளவு, 48 மணித்தியாலம் கழித்து மீதி. கட்டுண்ட செப்பு வகைகளுக்கு அளவு வேறு, லேபிளைப் பாருங்கள். செப்பு டெஸ்ட் கிட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். நான் 30 நாள் வைத்திருப்பேன். இன்னொன்று: செப்பு உள்ள தண்ணீரில் குளோரின் நீக்கியோ அமோனியாக் கட்டும் திரவமோ விடாதீர்கள். அவை செப்பை மீனுக்கு இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றி, மாற்றிய தண்ணீருக்கு அளந்து செப்பு சேருங்கள்.

எந்த வழியில் போனாலும் பிரதான தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது, 76 நாளுக்கு. இறாலும் பவளமும் இருக்கலாம். ஒரு குட்டி டாம்சல் மீன் பிடிபடவில்லை என்று விட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண். கல்லைத் தூக்கியாவது பிடியுங்கள்.

### மாவு தூவியதுபோல், எண்ண முடியாது

வெல்வெட்டின் கடைசிக் கட்டம். மேலே போய்ப் படியுங்கள், இன்றே தொடங்குங்கள்.

### செட்டையில் பூக்கோவாபோல் ஒரு கட்டி

லிம்ஃபோசிஸ்டிஸ். வைரஸ். மருந்து கிடையாது, தேவையுமில்லை. நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் சில வாரம், சில மாதத்தில் உதிரும். சுரண்டாதீர்கள்.

## நெமோவின் உடலில் சளி உரிகிறது

புதிதாக வாங்கிய நெமோ (கோமாளி மீன்), ஒரு கிழமைக்குள், தோலில் வெள்ளைச் சளித் திட்டு, கடும் மூச்சு. இது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி. செப்பு இதற்கு வேலை செய்யாது, அதனால் செப்பில் இரண்டு நாளை வீணாக்கினால் மீன் போய்விடும்.

ஃபோர்மலின் குளியல்தான் வழி. 37 சதவீத ஃபோர்மலின், 10 லீற்றர் உப்புத் தண்ணீருக்கு 1.5 மில்லிலீற்றர், நன்றாக எயார் விட்டபடி 30 முதல் 45 நிமிடம். நம் வெக்கையில் இதற்கு மேல் கூட்ட வேண்டாம். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், மீன் சாய்ந்தால் எடுத்துவிடுங்கள். குளியல் முடிந்ததும் பழைய பெட்டிக்கு அல்ல, புதுத் தண்ணீர் உள்ள வேறு பெட்டிக்குப் போக வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ஃபோர்மலினை மீனுக்குப் பாவிக்கக்கூடாது. கையுறை போடுங்கள், பல்கனியில் வைத்துச் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணிகளோ ஆஸ்துமாக்காரரோ குழந்தைகளோ இருந்தால் ஃபோர்மலினை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம், மிருக வைத்தியரிடம் வேறு வழி கேளுங்கள்.

## பக்கவாட்டில் சிவந்த புண்

பச்சைக் குரோமிஸ் கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் விலாப்பக்கம் சிவந்து செதில் போயிருந்தால் யுரோனீமா என்ற ஒட்டுண்ணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே பிரித்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஃபோர்மலின் குளியல் உதவலாம். சதைக்குள் இறங்கிவிட்டால் பிழைப்பது அரிது. இந்த ஒட்டுண்ணி மீன் இல்லாமலும் வாழும் என்பதால் தொட்டியைக் காலியாக விட்டும் பயனில்லை.

மற்ற மீன்களில் சிவந்த புண் பெரும்பாலும் சண்டைக் காயம். யார் துரத்துகிறது என்று அரை மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள்.

## கண் வீங்கியிருக்கிறது

ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் எங்கோ மோதியிருக்கிறது. தண்ணீரைச் சுத்தமாக வைத்துப் பொறுத்திருங்கள், மருந்து வேண்டாம். இரண்டு கண்ணும் வீங்கினால் உள்ளே பக்ரீரியாத் தொற்றாக இருக்கலாம், அது மிருக வைத்தியரின் வேலை. நமக்குக் கொடுத்த அன்ரிபயோட்டிக்கின் மிச்சத்தைத் தொட்டிக்குள் கரைக்காதீர்கள்.

## சாப்பிடவில்லை

புது மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் பிடிப்பது கிழக்குக்கு மாறிவிடும். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமிருந்து நீண்ட தூரம் பையில் வந்த மீன் களைத்துத்தான் இருக்கும். லைட்டைக் குறையுங்கள், ஒளிய இடம் கொடுங்கள். ஆட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சு, கழுவிப் பொடியாக அரிந்த பச்சை இறால், மட்டிச் சதை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கடையில் உங்கள் கண் முன்னால் சாப்பிடாத மீனை வாங்காமல் வருவது இதைவிட நல்லது.

சாப்பிட்டும் வயிறு ஒட்டிப்போகிறது என்றால் பெரும்பாலும் குடற்புழு. அதற்கு உணவோடு சேர்க்கும் மருந்து வைத்தியரிடம் வாங்க வேண்டும்.

வால் மேலே தூக்கி மிதந்தபடி நீந்தும் புது மீன் ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவரப்பட்டது. காற்றுப்பை வீங்கியிருக்கிறது. அதற்கு ஊசி குத்துவதை வீட்டில் முயல வேண்டாம்.

## எப்போது வைத்தியரிடம்

ஒரே நாளில் இரண்டு மீன் செத்து, தண்ணீர் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால். செப்பு சரியான அளவில் ஐந்து நாள் நின்றும் புதுப் புள்ளி வந்தால். இரண்டு கண் வீக்கம், செதில் விறைத்து எழுவது, புண் ஆழமாவது. அன்ரிபயோட்டிக் தேவைப்படும் எதுவும்.

கொழும்பில் நாய், பூனை பார்க்கும் மிருக வைத்தியர்கள் நிறைய, மீன் பார்ப்பவர்கள் குறைவு. போவதற்கு முன் அழைத்து, கடல் மீன் பார்ப்பீர்களா, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். தோலையும் செவுளையும் லேசாக வழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெல்வெட்டா, புரூக்லினெல்லாவா, புழுவா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அது கிடைக்காதவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு கதைத்துப் பார்க்கலாம்.

போகும்போது நோயுள்ள மீனை உயிரோடு, தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுபோங்கள். இன்னொரு போத்தலில் தொட்டித் தண்ணீரைத் தனியாக எடுங்கள். எந்த மருந்தை எப்போது எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மீன் செத்துவிட்டால் ஒட்டுண்ணிகள் சீக்கிரமே கழன்றுவிடும். ஆகவே பையில் கட்டி ஐஸ் மேல் வைத்து அன்றே போக வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த செவுளில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.